கேட்டு எடுக்கும் கை

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்களின் பையனுக்கு நாலு வயது, அந்த வீட்டுப் பையனுக்கு ஐந்தரை. அவனிடம் ஒரு சிவப்பு லாரி இருந்தது. பின்தொட்டியைத் தூக்கினால் மணல் கொட்டும். வந்தவன் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். இவன் பாய்ந்துபோய்ப் பிடித்துக்கொண்டு "என்னுது" என்றான். நாலு பக்கமிருந்தும் குரல்கள் எழுந்தன. "வந்த பிள்ளைடா, குடு." "நீதானே பெரியவன்?" "உனக்கு வேற வாங்கித் தரேன்." லாரி கைமாறியது. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் வந்த பிள்ளை அதை விடமாட்டேன் என்று அழுதான். "எடுத்துட்டுப் போகட்டும், குழந்தை ஆசைப்படுது" என்று இந்த வீட்டு அம்மாவே அதைப் பையில் போட்டுக் கொடுத்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அழவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் பள்ளிப் பையில் வேறொரு பிள்ளையின் ஷார்ப்னர் இருந்தது. அன்றைக்கு அடி விழுந்தது. "அடுத்தவங்க பொருளை எடுக்கலாமா? இந்தப் பழக்கம் எங்கிருந்துடா வந்துச்சு?" என்று அதே அம்மா கேட்டார். உண்மையான வேதனையோடுதான் கேட்டார்.

லாரி போனதால்தான் ஷார்ப்னர் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளின் பையில் ஒரு நாளாவது அடுத்தவர் பொருள் வந்து சேரும். என்னை உறுத்தியது வேறு. 'அடுத்தவர் பொருள்' என்று ஒன்று உண்டு என்பதை அந்த வீடு அவனுக்குச் சொன்ன ஒரே நாள், அவன் எடுத்த நாள். அவன் பொருள் போன நாளில் அந்த வார்த்தை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிறர் பொருளை மதிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்ற கேள்விக்கு உளவியல் ஆய்வுகளும் கல்வியாளர்களும் நம் வீட்டு வழக்கங்களும் தரும் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் இந்த ஓர் இடத்திலேயே வந்து நிற்கின்றன: தன் பொருள் மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைக்குத்தான் பிறர் பொருள் என்றால் என்னவென்று புரியும்.

முதலில், எந்த வயதில் எது புரிகிறது என்று பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூல் குழந்தைகளின் அறவுணர்வைப் பற்றியது. அதில் ஒரு கேள்வி வரும். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது தெரியாமல் இடித்து 15 கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் 15 கோப்பைக்காரனைக் காட்டினார்கள். எண்ணம் அவர்கள் கண்ணில் படவில்லை, சேதம்தான் பட்டது. இதை வைத்துச் சிறு குழந்தைக்கு உரிமை, நியாயம் எதுவும் தெரியாது, பெரியவர் சொல்வதே அதற்குச் சட்டம் என்ற கருத்து வெகுகாலம் நிலவியது. பிற்கால ஆய்வுகள் அதைப் பெருமளவு திருத்திவிட்டன.

இரண்டு வயதை ஒட்டி "என்னுது" என்ற சொல் வருகிறது. வந்த நாள் முதல் வீடு போர்க்களம்தான். பெற்றோர்கள் இதைச் சுயநலத்தின் முளை என்று எண்ணிக் கவலைப்படுகிறார்கள். லாரா லெவின் 1983-இல் இரண்டு வயதுச் சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 'நான்' என்ற உணர்வு தெளிவாக வளர்ந்திருந்த சிறுவர்களே பொம்மைகளுக்கு அதிகம் உரிமை கோரினார்கள். தான் எங்கே முடிகிறேன், மற்றவன் எங்கே தொடங்குகிறான் என்று குழந்தை எல்லை போட்டுப் பார்க்கும் முயற்சி அது. டேல் ஹே 2006-இல் எழுதியது இன்னும் சுவையானது: ஒன்றரை வயதிலேயே 'என்னுது' போன்ற உரிமைச் சொற்களைப் பேசிய பிள்ளைகள் இரண்டு வயதில் மற்றப் பிள்ளைகளுடன் பகிர்வதிலும் முன்நின்றார்கள். 'என்னுது' தெரிந்த பிறகுதான் 'உன்னுது' தெரிகிறது; 'உன்னுது' தெரிந்த பிறகுதான் 'இந்தா, வச்சுக்கோ' வருகிறது.

மூன்று வயதில் ஒரு பெரிய தாவல் நிகழ்கிறது. ஃபெடரிகோ ரொசானோவும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கைப்பொம்மை வந்து பொருள்களை எடுத்துப் போகப் பார்க்கும், தூக்கி எறியப் பார்க்கும். தன் பொருளைத் தொட்டபோது இரண்டு வயதுப் பிள்ளைகளும் தடுத்தார்கள். அங்கே இல்லாத இன்னொருவருடைய பொருளைத் தொட்டபோது அவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, மூன்று வயதுப் பிள்ளைகள் மட்டும் "எடுக்காதே, அது அவங்களுது" என்ற வகையில் குறுக்கிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. அவர்களுக்கு அதில் லாப நட்டமும் இல்லை. நாம் 'சொன்னாலும் புரியாத வயசு' என்று ஒதுக்குகிற வயதில், அடுத்தவருக்காகப் பேசும் நியாய உணர்வு அங்கே இருக்கிறது.

குழந்தைகளின் உரிமைக் கணக்குக்குத் தனி விதிகளும் உண்டு. ஓரி ஃப்ரீட்மனும் கேரன் நியரியும் 2008-இல் காட்டியபடி, யார் முதலில் ஒரு பொருளோடு இருந்தாரோ அவருடையது அது என்றே சின்னப் பிள்ளைகள் முடிவு கட்டுகிறார்கள். அதனால் பரிசாகக் கொடுத்த பொருளும் கொடுத்தவருடையதே என்ற குழப்பம் அவர்களுக்கு வருகிறது. பிறந்தநாளுக்குக் கொடுத்த பொம்மையைத் திருப்பிக் கேட்டு அழும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அது அற்பத்தனம் இல்லை, விதி இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பேட்ரிசியா கன்கீசரும் உடனிருந்தவர்களும் 2010-இல் களிமண்ணை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்னொருவரின் களிமண்ணை வாங்கி ஒருவர் புதிதாக ஒரு உருவம் செய்தால், அது யாருக்குச் சொந்தம்? பெரியவர்களைக் காட்டிலும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளே செய்தவருக்குச் சொந்தம் என்று அதிகம் சொன்னார்கள். உழைப்புக்கு அவர்கள் வைத்த மதிப்பு அது. தங்கையின் நோட்டில் அண்ணன் படம் வரைந்துவிட்டு "நான்தானே வரைஞ்சேன்" என்று கிழித்துக்கொண்டு போகும்போது, அவன் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு தாள் தங்கையுடையது என்று சொன்னால் அவனுக்கு ஏறும்.

தெரிவது வேறு, செய்வது வேறு. கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் மூவரும் 2013-இல் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சமமாகப் பகிர வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளும் சரியாகச் சொன்னார்கள். தாங்கள் அப்படிப் பகிரப்போவதில்லை என்பதையும் சரியாகவே சொன்னார்கள். பொய் பேசவில்லை, ஏமாற்றவில்லை. மனம் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்கும் பருவம் அது. ஆசையை நிறுத்திவைக்கும் திறன் மூளையில் மெல்ல மெல்லத்தான் வளர்கிறது. ஆகவே மினுங்கும் பேனாவை எடுத்துப் பையில் போட்ட ஐந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்குத் தெரியாதா?" என்று கேட்பதில் பயன் இல்லை. தெரியும். கை முந்திக்கொண்டது.

சட்டத்துக்கே இது தெரிந்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு, 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 7 முதல் 12 வயது வரை, செய்ததன் தன்மையை உணரும் பக்குவம் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது அடுத்த பிரிவு. நாடே 'குற்றம்' என்று சொல்லத் தயங்கும் வயதில், வீட்டுக்குள் நாம் 'திருடன்', 'திருடி' என்ற பட்டத்தை எவ்வளவு எளிதாகச் சூட்டிவிடுகிறோம்! 'கை நீளம்' என்ற நம்முடைய வழக்குச் சொல் ஒரு பிள்ளைமேல் ஒட்டிக்கொண்டால் பத்தாம் வகுப்பு வரை போகாது.

வள்ளுவர் இதை அடுக்கியிருக்கும் விதம் எனக்கு வெகுநாளாக வியப்பு. திருடாமையைப் பற்றிய 'கள்ளாமை' 29-ஆம் அதிகாரம், அது துறவறவியலில் இருக்கிறது. பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையைப் பற்றிய 'வெஃகாமை' 18-ஆம் அதிகாரம், அது இல்லறவியலில். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் முதலில் பேசியது எடுக்கும் கையைப் பற்றி இல்லை, ஏங்கும் மனத்தைப் பற்றி. பிள்ளை வளர்ப்பிலும் அதுவே சரியான வரிசை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பார்த்து ஏங்கி நிற்கும் குழந்தையிடம் "உனக்கும் அது மாதிரி வேணும்னு இருக்கு, இல்ல?" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆசையை ஒப்புக்கொண்ட பிறகு "அது அவளோடது, கேட்டா ஒரு ரவுண்டு தருவா" என்று சொன்னால் ஏறும். "அதையெல்லாம் பார்க்காதே" என்று இழுத்துக்கொண்டு போனால், ஆசை அப்படியே உள்ளே இருக்கும். கேட்கும் வழிதான் அடைபட்டுப் போகும்.

இனிப் பெரியவர்கள் பக்கம். கனடாவில் ஹில்டி ராஸ் வீடுகளுக்கே சென்று, அண்ணன் தங்கைகள் பொருளுக்காகப் போடும் சண்டைகளைப் பதிவுசெய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டபோது 'பொருள் யாருடையது' என்பதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. உடையவர் பக்கமே பெரும்பாலும் தீர்ப்பு முடிந்தது. பெற்றோர் தலையிட்டபோது அந்த உறுதி இல்லை. யாருடைய பொருள் என்பதற்கும் யார் கையில் இப்போது இருக்கிறது என்பதற்கும் அவர்கள் பெரிய வேறுபாடு காட்டவில்லை. நியரியும் ஃப்ரீட்மனும் 2014-இல் ஒரு கிரேயானுக்காக நடக்கும் சண்டையைப் பற்றிக் கேட்டபோதும், பெரியவர்களைவிடப் பிள்ளைகளே உடையவர் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். அதாவது, உரிமை என்ற விதியைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 'யாரு அழறாங்களோ அவங்களுக்கு', 'யாரு சின்னவங்களோ அவங்களுக்கு', 'யாரு விருந்தாளியோ அவங்களுக்கு' என்று அதைக் கலைத்துப் போடுவது நாம்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். பகிர்ந்து உண்பது, விட்டுக்கொடுப்பது, விருந்தைப் போற்றுவது எல்லாம் நம் பண்பாடு ஆயிற்றே, பிள்ளைக்கு 'என்னுது' என்று பிடித்துக்கொள்ளவா சொல்லித்தருவது? இந்தக் கவலையை நான் முழுதாக மதிக்கிறேன். ஆனால் கொடுப்பதற்குக் கையில் தன்னுடையது என்று ஒன்று இருக்க வேண்டும். பிடுங்கிக் கொடுத்தது ஈகையில் சேராது. நாடியா செர்னியாக், தமர் குஷ்னிர் இருவரும் 2013-இல் செய்த சோதனையில், சோகமாக இருக்கும் ஒரு பொம்மைக்கு ஸ்டிக்கரைக் கொடுப்பதா தானே வைத்துக்கொள்வதா என்று சில பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டார்கள். சிலரைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் வைத்தார்கள். அடுத்து இன்னொரு பொம்மை வந்தபோது, தாமாக முடிவெடுத்துக் கொடுத்த பிள்ளைகளே அதிகம் பகிர்ந்தார்கள். விருந்தாளிப் பிள்ளை வருவதற்கு அரைமணி முன்பே "நீ யாருக்கும் தர விரும்பாததை எடுத்து உள்ளே வச்சுடு, வெளிய இருக்கிறதை எல்லாரும் விளையாடலாம்" என்று சொல்லும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் லாரிச் சண்டை வந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை ஒருமுறை உள்ளே போய், ஒளித்துவைத்த பொம்மையைத் தானே கொண்டுவந்து கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் தனி அறையும் தனி அலமாரியும் இருக்கிற நாடு இல்லை நம்முடையது. ஒரே அறையில் ஐந்து பேர், அக்கா போட்ட சட்டை தங்கைக்கு, அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு என்று வளர்ந்தவர்களே அதிகம். அதனால் உடைமையுணர்வு வசதி படைத்தவர்களின் பாடம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. சுவரில் ஓர் ஆணி போதும்: "இது உன் ஆணி, உன் பை இதுல மாட்டு, வேற யாரும் மாட்ட மாட்டாங்க." ஒரு பழைய செருப்பு டப்பா போதும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிப் பையும் நோட்டும் பாடநூலும் விலையில்லாமல் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஜூன் மாதத்தில் அந்தப் பையின் உள்பக்கம் மார்க்கரால் பெயர் எழுதி, ஜிப்பில் ஒரு நூலோ பொத்தானோ கட்டி அடையாளம் வைக்கும் அரைமணி நேரம் இருக்கிறதே, அதைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செய்தால் அதுவே முழுப்பாடம். "இது உன்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப? பக்கத்துல இருக்கிறவளோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" இரண்டாவது கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்.

பொருளை மதிக்கும் பழக்கத்தை வகுப்பறையின் அமைப்பிலேயே வைத்தவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். நமக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு: 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவர் முறையில் ஒவ்வொரு கற்றல் பொருளும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை அதை எடுத்துத் தன் பாயில் வைத்துவிட்டால், முடித்து அலமாரியில் அதே இடத்தில் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் தொடுவதில்லை. பாய்மேல் காலும் வைப்பதில்லை, சுற்றிப் போக வேண்டும். பத்துப் பொருள் வாங்கப் பணமில்லாமல் வைத்த ஏற்பாடு இல்லை இது. ஒன்றே இருந்தால்தான் காத்திருக்கப் பழக முடியும். இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது: அந்தப் பொருள் எந்தப் பிள்ளைக்கும் சொந்தமில்லை. சொந்தம் இல்லாத பொருளிலும், பயன்படுத்துகிற நேரத்துக்கு உரிமை உண்டு. நூலகப் புத்தகம், பூங்கா ஊஞ்சல், பேருந்தின் ஜன்னலோர இருக்கை எல்லாம் இந்த வகைதான்.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளையின் பொருளை நாம் எப்படி நடத்துகிறோம்? ஊருக்குப் போனால் தாத்தா நூறு ரூபாய் தருவார், மாமா ஐந்நூறு தருவார். "அம்மா வச்சிருக்கேன், உனக்கு வேணுங்கிறப்ப தரேன்" என்று வாங்கிக்கொள்வோம். அந்தப் பணம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மாசக் கடைசியில் உண்டியலைக் கவிழ்த்து, கத்தி முனையால் காசை எடுத்திருக்கிறோம். தேவை இருந்திருக்கும், மறுக்கவில்லை. "கண்ணு, உன் உண்டியல்ல இருந்து இருநூறு ரூபா கடனா எடுத்துக்கட்டுமா? ஒண்ணாம் தேதி போட்டுடறேன்" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? ஒன்றாம் தேதி அந்த நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து அதையே உண்டியலில் போடச் சொன்னால், கேட்டு எடுப்பது, சொன்ன நாளில் திருப்புவது, நன்றி சொல்வது மூன்றும் ஒரே மூச்சில் கற்பிக்கப்பட்டுவிடும். நூறு முறை சொல்லும் புத்திமதிக்கு அந்தப் பலம் கிடையாது.

பிள்ளை சேர்த்து வைக்கும் குப்பை இன்னொரு கதை. கூழாங்கல், பாட்டில் மூடி, புளியங்கொட்டை, பாதி உடைந்த வளையல். சுத்தம் செய்யும் நாளில் கூட்டித் தள்ளிவிடுகிறோம். "போனா போகுது, வேற எடுத்துக்கலாம்" என்கிறோம். புரூஸ் ஹுட்டும் பால் புளூமும் 2008-இல் குழந்தைகளிடம் ஒரு 'நகலெடுக்கும் பெட்டி'யைக் காட்டினார்கள். எதை உள்ளே வைத்தாலும் அச்சாக அதே போல் இன்னொன்று வரும் என்று நம்பவைத்தார்கள். தாங்கள் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை வைக்கச் சொன்னபோது, பெரும்பாலான பிள்ளைகள் நகலை ஏற்கவில்லை, தங்களுடையதே வேண்டும் என்றார்கள்; சிலர் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. பொருளில் வரலாறு ஒட்டியிருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரியும். அந்த வரலாற்றை நாம் கூட்டித் தள்ளினால், பாட்டியின் மூக்குக்கண்ணாடி, அப்பாவின் பேனா இவற்றிலும் வரலாறு உண்டு என்று பிறகு சொல்வது அதற்கு எப்படிப் புரியும்?

சரி, பிள்ளை அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டது. என்ன செய்வது?

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு பிள்ளையின் மணக்கும் ரப்பர் காணாமல் போனது. ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கும், ஓரத்தில் பச்சை இலை போட்டிருக்கும். வகுப்பில் எல்லோருடைய பையையும் கொட்டச் சொன்னார்கள். ஆனால் முதலில் கொட்டச் சொன்னது கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணின் பையை. அவள் அம்மா வீட்டுவேலை செய்பவர். பையிலிருந்து விழுந்தவை: ஒரு ஸ்லேட், இரண்டு துண்டுப் பலப்பம், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொய்யாக்காய். ரப்பர் இல்லை. அன்று சாயங்காலம் அது தொலைத்தவளின் டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே கிடைத்தது. யாரும் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. கொய்யாக்காயை அவள் திரும்பச் சுற்றிய விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறர் உடைமையை மதிக்க வேண்டும் என்ற பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்கு நடத்துவதாக நினைத்து, ஒரு பிள்ளையின் உடைமையை நாற்பது பேர் பார்க்கத் தரையில் கொட்டினார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பையைக் கொட்டுவது அதில் வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்டனை என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2011-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரே பகுதியில் இருந்த இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் பிரம்படி, கிள்ளு, அறை வழக்கம். மற்றதில் கண்டிப்பு மட்டும். பார்க்கக் கூடாது என்று சொன்ன பொம்மையை இரு பள்ளிப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். அடிக்கும் பள்ளியின் பிள்ளைகள் அதிகம் பொய் சொன்னதோடு, அந்தப் பொய்யைக் கெட்டிக்காரத்தனமாகக் கட்டிக்காக்கவும் செய்தார்கள். பிறகு கனடாவில் 4 முதல் 8 வயது வரையிலான 372 பிள்ளைகளிடம் தல்வார் குழுவினர் செய்த ஆய்விலும், தண்டனை உண்டு என்று சொல்லப்பட்டவர்களே உண்மையை அதிகம் மறைத்தார்கள். அடிப்பது, எடுக்கும் பழக்கத்தை நிறுத்துவதில்லை; ஒளிக்கும் பழக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது.

கதை சொல்வதிலும் கவனம் வேண்டும். 2014-இல் காங் லீ குழுவினர், மூக்கு நீளும் பினாக்கியோ கதையும் 'புலி வருது' போன்ற ஓநாய்க் கதையும் பிள்ளைகளின் உண்மை பேசும் இயல்பைக் கூட்டவில்லை என்று கண்டார்கள். அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதை கூட்டியது. அந்தக் கதையில் ஒப்புக்கொண்டவனுக்கு நல்லது நடக்கிறது. அந்த மரக்கதை பிற்காலக் கற்பனை என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நமக்குக் கற்பனை தேவையில்லை, காந்தியின் சத்திய சோதனை இருக்கிறது. பதினைந்து வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து துணுக்கு வெட்டி எடுத்து, அந்த அண்ணன் பட்டிருந்த கடனையே அடைத்தார். மனம் பொறுக்காமல் தாளில் எழுதி, நோய்ப்படுக்கையில் இருந்த தந்தையிடம் கொடுத்தார். அடிக்குப் பயப்படவில்லை, தந்தைக்கு வேதனை தருவோமே என்றுதான் பயந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் தாளை நனைத்தது, தாளைக் கிழித்துப் போட்டார். இதை ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். சொல்கிறவர் அந்தத் தந்தையாக இருக்கத் தயாராக இருந்தால்.

எடுத்த பொருள் வீட்டில் தென்பட்டால் செய்ய வேண்டியது சிக்கலானதில்லை. "இதை எங்கே எடுத்தே?" என்று துருவ வேண்டாம், அது பொய்க்கு வாசல் திறந்துவிடும். "இது உன்னுது இல்லைன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வரலாம்." கூடவே போக வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பொருளைப் பிள்ளையே நீட்ட வேண்டும். உடைந்திருந்தால் சேர்ந்து ஒட்டலாம், இல்லாவிட்டால் பிள்ளையின் காசில் ஒரு பங்கு போட்டு வாங்கலாம். 2015-இல் கத்ரீன் ரீட்ல் குழுவினர் செய்த சோதனையில் 3, 5 வயதுப் பிள்ளைகள் எடுத்தவனைத் தண்டிப்பதைவிடப் பொருளை உரியவரிடம் சேர்ப்பதையே பெரிதும் நாடினார்கள். 2016-இல் மேரிசா டிரெல், விக்ரம் ஜஸ்வால் ஆய்வில், தாங்கள் அடுக்கிய பிளாஸ்டிக் கோப்பைக் கோபுரத்தை ஒருவர் தட்டிவிட்டபோது, வெறும் 'மன்னிச்சுக்கோ'வைவிட அவர் உட்கார்ந்து மறுபடி அடுக்கிக் கொடுத்ததுதான் பிள்ளைகளின் மனத்தை ஆற்றியது. 'ஸாரி சொல்லு' என்று முதுகில் தட்டித் தள்ளிவிடும் நம் வழக்கத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

எடுக்காமல் இருப்பது பாதிதான். வாங்கியதைப் பேணுவது மறுபாதி. வணிகம் செய்பவர்களைப் பற்றி வள்ளுவர் பேசும் இடத்தில், பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேண வேண்டும் என்ற கருத்து வருகிறது, நடுவுநிலைமை அதிகாரத்தில். இரவல் புத்தகத்தைச் சாப்பிட்ட கையால் தொடாதது, பக்கத்தை மடிக்காமல் ஒரு சீட்டு வைப்பது, சித்தப்பாவின் கைப்பேசியைக் கேட்காமல் திறக்காதது எல்லாம் இதில் சேரும். நம் தெருக்களில் இதற்கு ஓர் அழகான பழக்கம் இருந்தது, இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்போ பாயசமோ வந்தால், கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. கழுவித் துடைத்து, உள்ளே நாலு முருங்கைக்காயோ ஒரு பிடி சர்க்கரையோ வைத்து அனுப்புவார்கள். கொண்டு போவது எப்போதும் வீட்டின் சின்னப் பிள்ளை. "கீழ போட்டுடாத, அது அவங்க வீட்டுக் கிண்ணம்." இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியில் காலால் துழாவித் துழாவி இறங்கி, "அத்தை, கிண்ணம்" என்று நீட்டிவிட்டு ஓடி வரும். உரிமையும் பேணுதலும் திருப்புதலும் நன்றியும் அந்தக் கிண்ணத்தில் இருந்தன. இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்பி "டப்பா திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறோம். சௌகரியம்தான். அந்தப் பாடம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய செருப்பு டப்பாவில் பதினேழு கற்கள் இருக்கின்றன. போன பொங்கலுக்கு முந்தின வாரம் வீடு ஒட்டடை அடிக்கும்போது அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. "பாப்பா, உன் டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கட்டில்மேல வைக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எடுத்துக்கோ அத்தை. ஆனா வரிசை மாறக் கூடாது. கறுப்புக் கல்லுதான் முதல்ல." மூடியைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.